பதினான்காம் நாள் மூளை

ஆகஸ்ட் 7, திங்கள்

பதினான்காம் நாள் மூளை ஆறு வெட்டினேன். நான்கு தேறியது. இரண்டு கிழிந்துவிட்டன. பிளேடு மழுங்கல். ஸ்டோரில் புதுப் பெட்டி கேட்டிருக்கிறேன்.

இந்த நோட்டு எங்கள் லேபின் ஆராய்ச்சி மாணவி மெஹர் கொடுத்தது. ஏதோ கருத்தரங்கில் சும்மா கிடைத்ததாம். "லேப் நோட்ல இருபத்திரண்டு வருஷமா எலியப் பத்தியே எழுதுறீங்க. உங்களப் பத்தி எழுதுங்கக்கா" என்றாள். என்னைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? அமலோற்பவம், வயது நாற்பத்தொன்பது. திருச்சியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் டெக்னீசியன். கணவர் சவரிமுத்து ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். என் வேலை, சுண்டெலிக் கருவின் மூளையை உறையவைத்து, மைனஸ் இருபது டிகிரிப் பெட்டிக்குள் கைவிட்டு, தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுவது. அவர் இரும்பில் நூலளவு பார்ப்பவர். அவரே "உன் வேலைதான்டி நுணுக்கம்" என்பார்.

சுண்டெலிக் குட்டி தாய் வயிற்றில் பத்தொன்பது நாள் இருக்கிறது. அதற்குள் மூளை கட்டி முடிய வேண்டும். எந்த நாளில் எந்த இடத்தில் எந்த ஜீன் விழிக்கிறது என்பதைத்தான் நாங்கள் பார்க்கிறோம். எங்கள் லேபுக்கு இரண்டு ஜீன்கள். எந்தக் காலத்திலோ ஒன்று இரண்டாகப் பிரதியாகிப் பிரிந்தவை. இன்றைக்கும் முக்கால்வாசி ஒரே மாதிரி. நீளமான பெயர்கள் உண்டு. லேபில் யாரும் சொல்வதில்லை. அக்கா, தங்கை, அவ்வளவுதான். அக்கா பதினோராம் நாளே விழித்துவிடுவாள். தங்கை எப்போது, எந்தச் செல்களில் விழிக்கிறாள்? அதுதான் மெஹரின் ஐந்து வருடம்.

அக்கா பழுதாகிப் பிறக்கிற மனிதக் குழந்தைகள் இருக்கிறார்கள். தலை சிறுத்திருக்கும், நடக்கப் பேச நாளாகும். அக்கா வேலை செய்ய வேண்டிய அதே நாளில் அதே செல்லில் தங்கையும் விழித்திருந்தால், வேலையை அவள் தலையில் கட்ட ஒரு வழி தேடலாம். பேராசிரியர் இளங்கீரன் அந்த நம்பிக்கையிலேயே பத்து வருடம் ஓட்டிவிட்டார். வருகிற மே மாத முடிவில் ஓய்வு.

ஆகஸ்ட் 11, வெள்ளி

காலையில் டீ சிந்திவிட்டது. "என்ன அமலா, கை ஆடுது?" என்றார் சவரிமுத்து. கிளாஸ் சுட்டது என்றேன்.

வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வந்தது. பதினைந்தாம் நாள் மூளை எட்டு. ஐந்து தேறியது.

ஆகஸ்ட் 18, வெள்ளி

மைனஸ் எண்பது ஃப்ரிட்ஜிலிருந்து புரோப் பெட்டியை எடுக்கும்போது கீழே விழுந்துவிட்டது. புரோப் என்றால் ஜீனைப் பிடிக்கும் தூண்டில். அக்காவுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று. மூளைச் சீவலில் போட்டால் அந்த ஜீன் விழித்திருக்கிற இடத்தில் மட்டும் ஊதா நிறம் ஏறும்.

விரல் நீளக் குழாய்கள் எட்டும் உருண்டு ஓடின. பொறுக்கி ஸ்பிரிட் போட்டுத் துடைத்ததில் நான்கில் மார்க்கர் எழுத்து அழிந்துவிட்டது. பெட்டியில் எப்போதும் பாதி அக்கா, பாதி தங்கை. படிக்க முடிந்த நான்கும் அக்கா. அப்படியானால் மற்ற நான்கும் தங்கைதானே. எழுதி உள்ளே வைத்துவிட்டேன். மெஹர் நூலகத்தில் இருந்தாள். சொல்லுமளவுக்கு ஒன்றுமில்லை.

கையுறை வழுக்கல். இந்தத் தடவை வந்த கையுறையே சரியில்லை.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

வேளாங்கண்ணிக் கொடியேற்றம். இந்த வருடம் நான் நடந்து போகவில்லை. இடது கால் கொஞ்சம் இழுக்கிறது. செருப்பு மாற்ற வேண்டும்.

செப்டம்பர் 15, வெள்ளி

மைக்ராஸ்கோப் அறையிலிருந்து மெஹர் கத்தினாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். பதினான்காம் நாள் மூளையில் தங்கை! மூளையின் உள்குழிவை ஒட்டிச் செல்கள் பிரிந்து பெருகுகிற அந்த உள்வரிசை முழுக்க ஊதா. பக்கத்துத் தகட்டில் அக்கா, அதே வரிசை, அதே ஊதா.

"ஒரே செல்லுக்கா! ரெண்டு பேரும் ஒரே செல்லு!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். மே மாதம் இதையே செய்தபோது தங்கைத் தகடு வெள்ளையாக வந்தது. நிறம் ஏறவில்லை, சோதனை சொதப்பல் என்று தூக்கிப் போட்டோம். பேராசிரியர் வந்து அரை மணி நேரம் குழலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எழுந்தபோது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "இன்னும் ரெண்டு தடவ பாத்துருவோம்" என்றார்.

கரீம் பாய் கடையிலிருந்து எல்லோருக்கும் சமோசா.

அக்டோபர் 9, திங்கள்

மூன்று தடவையும் அதே முடிவு. நவம்பர் 24 ஐதராபாத் கருத்தரங்கில் பேராசிரியர் பேசுகிறார். மெஹர் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் எழுதத் தொடங்கிவிட்டாள்.

வருகைப் பதிவேட்டில் கிளார்க், "என்னக்கா, கையெழுத்து எறும்பு ஊருற மாதிரி இருக்கு?" என்றார். பேனா சரியில்லை என்றேன்.

அக்டோபர் 22, ஞாயிறு

பேப்பரில் பேராசிரியர் படம். 'தங்கை கைகொடுப்பாள்: சிறுதலைக் குழந்தைகளுக்குப் புது நம்பிக்கை' என்று தலைப்பு. "நான் அப்படிச் சொல்லல, ஒருநாள் உதவலாம்னு சொன்னேன்" என்று அவர் போனில் வருத்தப்பட்டார். ஆனால் குரலில் வருத்தமில்லை.

நவம்பர் 6, திங்கள்

இன்று கீரனூரிலிருந்து ஒருவர் வந்தார். கருப்பையா. முப்பது, முப்பத்திரண்டு வயது. லாரி மெக்கானிக். நகத்தடியில் கிரீஸ். தோளில் பெண் குழந்தை, கனிஷ்கா, மூன்றரை வயது. ஒன்றரை வயதுக் குழந்தைபோல இருந்தாள். சட்டைப் பையில் அந்தப் பேப்பர் கத்தரிப்பு நான்காக மடித்து.

பேராசிரியர் வகுப்பில் இருந்ததால் நான்தான் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

"இவளுக்கு இதேதாம்மா. வேலூர்ல ரத்தம் எடுத்துப் பாத்து, இந்த ஜீன்தான்னு எழுதிக் குடுத்துட்டாங்க. மருந்து எப்ப வரும்மா?"

"இது எலியில பாத்தது தம்பி. மருந்துன்னு எதுவும் இல்ல இன்னும்."

"வரும்ல? எவ்வளவு நாளானாலும் பரவால்ல. வாரம் மூணு நாள் கை கால் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போவேன். புள்ள வலியில அழுவும். மருந்துதான் வரப்போவுதே, எதுக்குப் புள்ளய வருத்தணும்னு இப்ப நிறுத்திட்டேன்."

குழந்தை என் கைக்கடிகாரத்தைப் பிடித்து இழுத்தது. நான் கையை மேசைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் போன பிறகு ஸ்லைடுகளை எடுத்துப் பார்த்தேன். அக்காவும் தங்கையும். ஒரே செல்கள் என்பதுகூட இருக்கட்டும். நிறம் எங்கே அடர்த்தி, எங்கே வெளிறல், எல்லாம் ஒன்று. இருபத்திரண்டு வருடத்தில் இரண்டு ஜீன் இப்படி அச்சு எடுத்ததுபோல் இருந்து நான் பார்த்ததில்லை.

நவம்பர் 8, புதன்

ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டைத் துழாவினேன். பனிக்கட்டிக்குப் பின்னால் ஒரு பெட்டி. மூடியில் 'தங்கை, ஜூன்' என்று என் கையெழுத்து. ஜூனில் மேல்தட்டில் இடமில்லை என்று நானே மாற்றி வைத்திருக்கிறேன். உள்ளே ஆறு குழாய்கள், தொடாமல்.

அப்படியானால் ஆகஸ்டில் விழுந்த பெட்டியில் தங்கையே இல்லை.

நினைவு தப்பாகவும் இருக்கலாம். இரண்டு இடத்திலும் தங்கை இருந்திருக்கலாம்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. முதல் பூசை முடிந்து நேரே லேபுக்குப் போனேன். வளாகத்தில் காவலாளியைத் தவிர யாருமில்லை. வெளியே வெடிச்சத்தம்.

இரண்டு புரோப்புக்கும் நீளம் வேறு. அக்காவுடையது அறுநூறு மரபணு எழுத்து, தங்கையுடையது தொள்ளாயிரம். கூழ்ப் பாளம் மாதிரியான ஜெல்லில் போட்டு மின்சாரம் விட்டால் குட்டை வேகமாகக் கீழே ஓடிவிடும், நெட்டை மேலேயே நிற்கும். முதல் குழியில் அக்கா. இரண்டாவதில் மெஹர் மூன்று தடவையும் பயன்படுத்திய 'தங்கை'. மூன்றாவதில் கீழ்த்தட்டுத் தங்கை. குழிக்குள் ஊற்றவே ஏழெட்டு தடவை ஆனது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு ஊற்றினேன்.

முக்கால் மணி நேரம். முதல் கோடும் இரண்டாவது கோடும் ஒரே உயரம். மூன்றாவது மேலே, தனியாக.

மெஹர் இரண்டு தகட்டிலும் பார்த்தது அக்காவைத்தான். அக்காவுக்குப் பக்கத்தில் அக்கா.

வீட்டில் பிரியாணி. சாப்பிட்டேன்.

நவம்பர் 13, திங்கள்

விடுமுறை. துணி துவைத்தேன்.

நவம்பர் 14, செவ்வாய்

பேராசிரியர் ஐதராபாத் உரையை எங்களுக்கு முன்னால் பேசிப் பார்த்தார். கடைசிப் படத்தில் என் பெயரும் இருக்கிறது. 'துல்லியமான கைகளுக்கு நன்றி' என்று போட்டிருக்கிறார். சொல்லவில்லை.

நவம்பர் 15, புதன்

சொல்லிவிட்டேன்.

காலை பத்து மணிக்கு அவர் அறையில் கதவைச் சாத்தி, ஜெல் படத்தை மேசையில் வைத்தேன். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மூன்று கோடுகளையும் பார்த்தார். 

"எப்படி அமலா கலந்துச்சு?"

"ஆகஸ்ட்ல பெட்டி கீழ விழுந்துருச்சு சார். எழுத்து அழிஞ்சிருச்சு. நானா ஊகிச்சு எழுதிட்டேன்."

"நீங்களா? உங்க கையிலயிருந்து இதுவரைக்கும் ஒரு ஸ்லைடு விழுந்ததில்லையே."

அங்கேதான் நின்றது எல்லாம். கையுறை என்று சொல்லியிருக்கலாம். வாயில் அதுதான் வந்தது.

"கை நடுங்குது சார். மார்ச்லேருந்து. யார்ட்டயும் சொல்லல. வேலைய விட்டு அனுப்பிருவாங்கன்னு பயம்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். பிறகு, "ஐதராபாத்துக்கு எழுதிடறேன்" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கீரனூர்க்காரர் பயிற்சிய நிறுத்திட்டார் சார். அவர்ட்ட முதல்ல சொல்லணும்."

"நான் போன் பண்றேன்."

"போன்ல வேணாம் சார். நேர்ல போவோம்."

மெஹரிடம் மாலையில் சொன்னேன். "அஞ்சு வருஷம்க்கா" என்றாள். அப்புறம், "ஒரு வார்த்த. அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லிருந்தா, பத்து நிமிஷத்துல செக் பண்ணிருப்பேன்." அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போய்விட்டாள். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை.

நவம்பர் 18, சனி

பேராசிரியரும் நானும் கீரனூர் போனோம். பட்டறையில் லாரிக்கடியில் இருந்தார் கருப்பையா. வெளியே வந்து கையைத் துடைத்துவிட்டு நாற்காலி இழுத்துப் போட்டார். நான்தான் சொன்னேன். பேப்பரில் வந்தது தப்பு, தப்பு என்னால் நடந்தது, உண்மை என்னவென்று எங்களுக்கே இன்னும் தெரியாது, திரும்பச் செய்ய நாலு மாதம் ஆகும்.

அவர் பேராசிரியரைப் பார்த்தார். "பேப்பர்ல போட்டாங்களே சார்."

"போட்டது தப்புங்க. மறுப்புப் போடச் சொல்லி எழுதிருக்கேன்."

எழுந்து போய் ஒரு ஸ்பேனரை எடுத்தார், வைத்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "ஊரு பூரா சொல்லிட்டேன்மா" என்றார்.

"பயிற்சிய மட்டும் நிறுத்தாதீங்க தம்பி. மருந்து வந்தாலும் வராட்டியும் அது வேணும்."

கருப்பையா பையன் ஒருவனை அனுப்பி எங்களுக்கு டீ வாங்கிவரச் சொன்னார். அந்த டீயைக் குடிப்பதுதான் அன்று முழுவதிலும் கஷ்டமான வேலை.

நவம்பர் 21, செவ்வாய்

அவரிடம் சொன்னேன். சவரிமுத்துவிடம். "தெரியும்டி" என்றார். "நீயா சொல்லட்டும்னு இருந்தேன்." கோபம் வந்தது எனக்கு. பிறகு இருவரும் நரம்பு டாக்டரிடம் போனோம்.

விரலைத் தட்டச் சொன்னார். நடக்கச் சொன்னார். "கையெழுத்து எப்படி?" என்றார். பையில் இந்த நோட்டு இருந்தது. பிரித்துக் காட்டினேன். ஆகஸ்டில் எழுத்து நெல்மணி அளவு. கடைசிப் பக்கத்தில் கடுகு. நானே இதுவரை திருப்பிப் பார்க்கவில்லை.

பார்க்கின்சன். நடுக்குவாதம். குணமாகாது, மாத்திரையில் தள்ளிக்கொண்டு போகலாம், பல வருடம் போகலாம் என்றார்.

"காலைல ரெண்டு மணி நேரம் கை ஆடாம இருக்குமா டாக்டர்?"

"எதுக்கு?"

"மூளை வெட்டணும்."

டாக்டர் என் கணவரைப் பார்த்தார். "எலி மூளைங்க" என்றார் அவர்.

டிசம்பர் 11, திங்கள்

ஏழரைக்கு மாத்திரை. எட்டரையிலிருந்து பத்தே முக்கால் வரை கை சொன்ன பேச்சு கேட்கிறது. அதன் பிறகு கேட்பதில்லை. அதனால் எட்டே காலுக்கே லேப் திறக்க அனுமதி வாங்கிவிட்டேன்.

மூளைகளை வெளியே கொடுத்து வெட்டிக்கொள்ளலாம் என்றார் பேராசிரியர். "நான் வெட்டுறேன் சார். ஆனா லேபிள் நான் எழுத மாட்டேன். பிரிண்டர் வாங்கிக் குடுங்க. ஒவ்வொரு குழாயும் ஜெல்லுல ஓடி, மெஹர் பாத்து, அப்புறம்தான் ஃப்ரிட்ஜுக்குப் போவணும்." ஒத்துக்கொண்டார்.

மெஹர் இன்னும் தேவைக்கு மட்டும்தான் பேசுகிறாள்.

டிசம்பர் 25, திங்கள்

பிறப்புப் பூசை. கேக்.

ஜனவரி 9, செவ்வாய்

பதினோராம் நாள் முடிந்தது. பன்னிரண்டில் பாதி. இருபது வெட்டிப் பதினாறு தேறியது. கிழிந்த நான்கும் கையால் கிழிந்தவை.

ஜனவரி 31, புதன்

பதினான்காம் நாள். தொடங்கும் முன் கொஞ்ச நேரம் பெட்டியின் விளிம்பில் மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு நின்றேன். மெஹர் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து பின்னால் வைத்தாள். "உக்காந்து வெட்டுங்கக்கா. நின்னா கால் இழுக்குதுல்ல." அவ்வளவுதான் சொன்னாள். உட்கார்ந்து வெட்டினேன். பன்னிரண்டுக்குப் பதினொன்று.

பிப்ரவரி 20, செவ்வாய்

மாத்திரைக்குக் குமட்டல். பதினாறாம் நாள் முடிந்தது.

மார்ச் 8, வெள்ளி

எல்லாத் தகடுகளும் வரிசையாக. மூன்று பேரும் சேர்ந்தே பார்த்தோம்.

அக்கா பதினொன்றில் தொடங்கி, பதினான்கில் உச்சத்துக்குப் போய், பதினைந்தில் மங்குகிறாள். உள்வரிசை, பெருகுகிற செல்கள். தங்கை பதினான்கில் இல்லை. சுத்தமாக இல்லை. பதினைந்திலும் இல்லை. பதினாறில் வருகிறாள், ஆனால் வெளிப்பக்கம். பெருகுவதை நிறுத்தி, மேலே நகர்ந்து போய் இடம் பிடித்துவிட்ட செல்களில்.

"அக்கா காலி பண்ணிட்டுப் போனப்புறம், தங்கச்சி வேற தெருவுல குடி வரா" என்றாள் மெஹர்.

ஒரு நாள்கூட ஒரு செல்லில் சேர்ந்து இருப்பதில்லை. மே மாதம் சொதப்பல் என்று தூக்கிப் போட்டோமே அந்த வெள்ளைத் தகடு, அதுதான் சரி.

பேராசிரியர் நிமிர்ந்தார். பத்து வருட நம்பிக்கை. முகத்தில் நான் நினைத்த சோர்வு இல்லை. "சரி. இப்பத் தெரிஞ்சிடுச்சு. ஒரே வீட்டுல பொறந்த ரெண்டும் எப்படிப் பிரிஞ்சு போச்சுங்கறது நல்ல கேள்விதான். எழுது மெஹர்" என்றார்.

ஆய்வேட்டில் இரண்டு அத்தியாயம் திரும்ப எழுத வேண்டும். ஆறு மாதம் தள்ளிப்போகும். "ஆறு மாசம்தானேக்கா" என்று அவளே சொன்னாள். 

மார்ச் 9, சனி

கருப்பையாவுக்கு நானே போன் செய்தேன்.

"அப்ப அந்த வழி இல்ல" என்றார்.

"அந்த வழி இல்ல தம்பி. வேற வழி இருக்கான்னு யாருக்கும் தெரியாது. தெரிஞ்ச அன்னிக்கு நான் சொல்றேன்."

ஏதோ லாரி ஹாரன் அடித்தது. 

"பயிற்சிக்குத் திரும்பப் போறோம்மா. நீங்க வந்துட்டுப் போன மறுவாரத்துலேருந்தே. அழுவுறா. ஆனா சொவரப் புடிச்சு நிக்கிறா."

ஜூன் 14, வெள்ளி

மூன்று மாதமாக எழுதவில்லை. மாத்திரை அளவைக் கூட்டியிருக்கிறார்கள். பேராசிரியர் போன மாத முடிவில் ஓய்வு பெற்றார். வாரம் மூன்று நாள் வந்து மெஹர் எழுதுவதைத் திருத்துகிறார். எனக்கு வேலை நீடிக்கிறது, காலை நேரம் மட்டும். புது மேடம் ஒருவர் வந்திருக்கிறார். தங்கையைப் பதினாறாம் நாளில் எழுப்புவது எது என்று கேட்கிறார். திங்கள்கிழமை தொடங்குகிறோம்.

பதினொன்றரை மணிக்குக் கருப்பையா வந்தார், குழந்தையோடு. இந்தத் தடவை தோளில் இல்லை. காலில் தோல்வார் போட்ட பூட்ஸ், ஒரு கை அப்பா விரலில், ஒரு கை சுவரில். வராந்தா முழுக்க அப்படியே நடந்து வந்தாள். ரொம்ப நேரம் ஆனது. நாங்கள் யாரும் போய்த் தூக்கவில்லை.

"சிறப்புப் பள்ளிக்கூடத்துல சேத்துருக்கேன். அதான் சொல்லிட்டுப் போலாம்னு."

நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரை மணி, கை என் பேச்சைக் கேட்காத நேரம். மடியில் கிடந்து ஆடிக்கொண்டிருந்தது. கனிஷ்கா அதையே பார்த்தாள். சுவரை விட்டாள். இரண்டடி, பிடிமானம் இல்லாமல். என் ஆள்காட்டி விரலை எட்டிப் பிடித்துக்கொண்டாள். என் கை ஆடியதில் அவள் கையும் சேர்ந்து ஆடியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"விடு பாப்பா, அவங்களுக்கு வலிக்கும்" என்றார் அப்பா.

"வலிக்கல தம்பி. நிக்கட்டும்" என்றேன்.